கிளிமஞ்சாரோ: கால் தயார், ரத்தம் தயாரா?

தைப்பூச சமயத்துல எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியோட நடந்து போற கூட்டத்தை நீங்க பார்த்திருப்பீங்க. நாள்கணக்கா நடந்து, படியேறி, மலைமேலேயே ஒரு ராத்திரி தங்கற ஊர்க்காரங்க நாம. அதனால, "5,895 மீட்டர் மலை, கயிறு கட்டி ஏற வேண்டாம், நடந்தே உச்சிக்குப் போயிடலாம்"னு யாராவது சொன்னா, இதென்ன பெரிய விஷயம்னுதான் தோணும். கிளிமஞ்சாரோவின் ஆபத்தே அந்த நினைப்புலதான் இருக்கு.

(பேரைக் கேட்டதும் எந்திரன் பாட்டு ஞாபகம் வந்திருக்கும். அதைப் படமாக்கினது தென் அமெரிக்காவில், மாச்சு பிச்சுவில். நிஜ மலை இருக்கிறது ஆப்பிரிக்காவில், தான்சானியாவில்.)

இது ஒரு எரிமலை. கிபோ, மாவென்சி, ஷிரா என்று மூன்று கூம்புகள். உச்சியான உஹுரு, கிபோ குழியின் விளிம்பில் இருக்கிறது. கிபோ வெடிச்சு ரொம்ப காலமாச்சு. ஆனாலும் குழிக்குள்ள இன்னும் கந்தக வாயு கசியுது. எரிமலைங்கறதால அது இமயம் மாதிரி தொடராக இல்லாமல், சமவெளியில் தனியா நிக்குது. அங்கதான் சிக்கல். எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டர். லுக்லாவிலிருந்து அங்கே போக வழக்கமா எட்டு நாள் ஆகும். பாதையே நம்மை மெதுவாக்கிடும். கிளிமஞ்சாரோவில் மச்சாமே வாசல் சுமார் 1,800 மீட்டர். அவசரத் திட்டத்துல போனா ஐந்தாம் நாள் விடியும்போது உச்சி! தமிழ்நாட்டின் உயரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். முதல் ராத்திரி நீங்க தூங்கற முகாம் அதைவிட உயரம்.

மேலே ஆக்ஸிஜன் சதவீதம் குறையறதில்ல, அதே 21தான். குறையறது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். உச்சியில் ஏறக்குறைய 380. அப்போ ஆக்ஸிஜன் பாதின்னு கணக்கு போடுவீங்க. அதுவும் தப்பு. நுரையீரலுக்குள் போற காற்றில் நீராவிக்கு எப்பவும் 47 மில்லிமீட்டர் போயிடும். உயரம் கூடினாலும் அது குறையாது. கீழே (760 − 47) × 0.21, சுமார் 150. மேலே (380 − 47) × 0.21, சுமார் 70. பாதிக்கும் கீழே.

இதைச் சமாளிக்க உடம்பு வேகமா மூச்சு வாங்கும். அதுல கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளியேறி ரத்தம் காரத்தன்மைக்குப் போகும். உடனே மூளை "போதும், மூச்சைக் குறை"ங்குது. சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியேத்தி அதைச் சரி பண்ணினாத்தான் திரும்ப வேகமா மூச்சு விட முடியும். அதுக்குச் சில நாள் வேணும். டெய்லி ஜிம் போறவருக்கும் அதே நாள்கள்தான்! டயமாக்ஸ் மாத்திரை இந்த வேலையைத்தான் துரிதப்படுத்துது. டாக்டரைக் கேட்காம போடாதீங்க.

3,000 மீட்டருக்கு மேல, தூங்கற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதேங்கறது மலை மருத்துவத்தில் பொதுவான அறிவுரை. மச்சாமே பாதையின் இரண்டாம் நாளே இதை மீறிடுது: ஷிரா முகாம் 3,800ஐத் தாண்டும். மூன்றாம் நாள் லாவா டவர் வரை 4,600 மீட்டர் ஏறிட்டு, 3,900 சொச்சத்துக்கு இறங்கிப் படுக்கறது கொஞ்சம் கைகொடுக்கும். வழிகாட்டிகள் சுவாஹிலியில் "போலே போலே", அதாவது மெதுவா மெதுவான்னு சொல்லிக்கிட்டே வருவாங்க. கேலி பண்ணாம கேளுங்க.

தலைவலி, குமட்டல் வந்தா வழிகாட்டிகிட்ட மறைக்காதீங்க. "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டோமே"னுதான் நிறைய பேர் மறைப்பாங்க. அறிகுறி போகும்வரை மேலே ஏறக்கூடாது. குதிகாலை விரல்நுனியில் வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னா தள்ளாட்டம் வருதா? மூளை வீங்குதுன்னு அர்த்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைக்குதா, இருமலில் நுரை வருதா? நுரையீரலில் நீர் கோர்க்குது. ரெண்டுக்கும் ஒரே முதல் வைத்தியம், நடுராத்திரியா இருந்தாலும் உடனே கீழே இறங்கறது. விடியட்டும்னு காத்திருந்தா உயிர் போகலாம்.

கடைசி ஏற்றம் நள்ளிரவில்தான் தொடங்கும். எரிமலைச் சரளை குளிரில் உறைஞ்சு கெட்டியா இருக்கும். வெயில் ஏறினா ரெண்டு அடி வெச்சா ஒரு அடி சறுக்கும். போக நினைக்கிறவங்க விலைப்பட்டியலில் ஐந்து நாள் திட்டத்தைத் தாண்டி, ஏழெட்டு நாள் திட்டத்தைப் பாருங்க. கூடுதல் செலவு பூங்காக் கட்டணத்திலயும் சாப்பாட்டிலயும் போகும். காசு பத்தலைன்னா ஒரு வருஷம் தள்ளிப் போங்க.