ஆஸ்பத்திரி வெப்சைட்: எதை நம்பலாம், எதை மூடலாம்?

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் மெயின் ரோட்டில், கிருமாம்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது பிள்ளையார்குப்பம். பாகூர் கொம்யூனைச் சேர்ந்த இந்த ஊரில் 2001-ல் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி வந்தது. அதே ரோட்டில் தவளக்குப்பத்தில் 2003-ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி வந்தது. கோரிமேட்டில் ஜிப்மர் ஏற்கெனவே இருக்கிறது. கடலூர், விழுப்புரம் பக்கத்து ஜனங்களும் வைத்தியத்துக்கு இங்கேதான் பஸ் ஏறுகிறார்கள்.

முன்பெல்லாம் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுக் கிளம்புவார்கள். இப்போது மகனோ மகளோ செல்போனில் தட்டிப் பார்த்து, ‘இந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம்பா’ என்கிறார்கள். ஆக, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே வெப்சைட்டைப் பார்த்துவிடுகிறோம். அதில் இருக்கும் தகவல் சரியாக இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். தவறாக இருந்தால் பணம் போகும். சில சமயம் உயிரே போகும்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

டாக்டர்களின் நடத்தை பற்றி மெடிக்கல் கவுன்சில் 2002-ல் வெளியிட்ட விதிகளில் ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. ஒரு நர்சிங் ஹோம் விளம்பரம் செய்யலாம். ஆனால் அதன் பெயர், எந்த மாதிரி நோயாளிகளைச் சேர்ப்பார்கள், என்ன பயிற்சி, என்ன வசதிகள் உண்டு, கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது அந்த விதி. யோசித்துப் பாருங்கள், நோயாளிக்கு முதலில் தேவைப்படுவதும் இவ்வளவுதானே! நல்ல வெப்சைட்டில் கீழே சொல்பவை தேடாமலே கண்ணில் பட வேண்டும்:

* எந்தப் பிரிவு, எந்த நாளில், எத்தனை மணி வரை ஓ.பி. சீட்டு கொடுப்பார்கள்?
* டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண்.
* கட்டணம். மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் 2012-ல் வந்த விதிகள், கட்டணப் பட்டியலை ஆங்கிலத்தோடு உள்ளூர் மொழியிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொல்கின்றன. ஆஸ்பத்திரிச் சுவரில் தமிழில் இருக்க வேண்டியது வெப்சைட்டிலும் தமிழில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?
* இன்ஷூரன்ஸ். 2024 அக்டோபர் முதல், 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்த ஆஸ்பத்திரி திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா, எந்தெந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று தெரிய வேண்டும்.

வெறும் வயிறா, தண்ணீர் குடித்தா?

நிறையப் பேர் அலைக்கழிவது இங்கேதான். காலையில் காபி குடித்துவிட்டு வந்து, ‘ஃபாஸ்டிங் சுகர் எடுக்க முடியாது, நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்புவார்கள். ஃபாஸ்டிங் சுகருக்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. மேல் வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிறு. அடிவயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வர வேண்டும். இந்த நாலு வரி வெப்சைட்டில் இருந்தால் ஒரு நாள் கூலியும் பஸ் சார்ஜும் மிச்சம். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும், பட்டினி கிடப்பதற்கு முன் டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்வது அவசியம். சாப்பிடாமல் வழக்கமான அளவில் இன்சுலின் போட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

மணி பார்க்க வேண்டிய நோய்

திடீரென்று வாய் கோணுகிறது, ஒரு பக்கக் கை கால் விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக் கட்டி அடைத்ததால் வந்ததென்றால், நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பு உண்டு. அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எனவே 24 மணி நேர எமர்ஜென்சி உண்டா, சி.டி. ஸ்கேன் ராத்திரியிலும் இயங்குமா, எந்த நம்பருக்குப் பேசுவது என்ற மூன்றும் வெப்சைட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சித்த வைத்தியனாகவே சொல்கிறேன்: அந்த நேரத்தில் எங்களைத் தேடி வராதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். தைலம், தொக்கணம் எல்லாம் ஆபத்து நீங்கிய பிறகுதான்.

‘நிரந்தர குணம்’ என்றால் மூடிவிடுங்கள்

இப்போது சொல்லப் போவது எங்கள் துறைக்கே கொஞ்சம் கசக்கும். ‘சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு’, ‘கேன்சருக்கு நூறு சதவீத கேரண்டி’ என்று போடுகிறவர்களில் சித்தா, ஆயுர்வேதம் என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். சட்டம் இதை எப்போதோ தடுத்துவிட்டது. 1954-ம் வருட மருந்து, மந்திர வைத்திய விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலில் 54 நோய்கள் இருக்கின்றன. சர்க்கரை, கேன்சர், பி.பி., பக்கவாதம், காக்காய் வலிப்பு, வெண்குஷ்டம், உடல் பருமன் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைத் தீர்க்கும் மருந்து என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. 2020 ஏப்ரலில், கொரோனாவைக் குணப்படுத்தும் என்ற விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி ஆயுஷ் அமைச்சகமே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டது. 2024-ல் பதஞ்சலி விளம்பர வழக்கில் சுப்ரீம் கோர்ட் கண்டித்த பிறகு, அந்த நிறுவனம் பத்திரிகைகளில் மன்னிப்பு கேட்டது.

இதில் என்ன ஆபத்து? இன்சுலினை நம்பியே வாழும் டைப்-1 சர்க்கரை நோயாளிக் குழந்தைக்கு, ஒரு வெப்சைட்டைப் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி மயக்கத்தில் விழுந்துவிடும். அப்போது எந்தச் சூரணமும் காப்பாற்றாது.

சித்த மருத்துவத்தின் முறையே வேறு. தேகம், வயது, நாடி பார்த்து மருந்தைத் தீர்மானிப்போம். ஒரே மருந்தை ஒருவருக்குத் தேனில், இன்னொருவருக்கு நெய்யில், வேறொருவருக்கு வெந்நீரில் கொடுப்போம். ரசம், பாஷாணம் சேர்ந்த மருந்து என்றால், டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடச் சொல்லும் எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும் என்பது விதி. முகம் பார்க்காமல் கூரியரில் அனுப்புகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

எழுதியது யார்?

ஜெனீவாவில் ‘ஹெல்த் ஆன் தி நெட்’ என்ற அமைப்பு 1996-ல் மருத்துவ வெப்சைட்களுக்கு எட்டு விதிகள் வகுத்தது. அதன் சான்றளிக்கும் பணி 2022 டிசம்பரோடு நின்றுவிட்டது. விதிகளின் சாரம் இன்றைக்கும் பயன்படும். வீட்டில் யாராவது செல்போனை நீட்டினால் இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. எழுதியவர் யார், அவர் படிப்பு என்ன?
2. எந்தத் தேதியில் எழுதியது?
3. எதை ஆதாரமாக வைத்துச் சொல்கிறார்?
4. செலவு யாருடையது, அதே பக்கத்தில் ஏதாவது விற்கிறார்களா?
5. ‘உங்கள் டாக்டரைக் கேளுங்கள்’ என்கிறதா, ‘டாக்டரே வேண்டாம்’ என்கிறதா?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால், மற்ற நாலையும் பார்க்க வேண்டியதே இல்லை.

ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டடத்தின் படத்தையும் வாங்கிய விருதையும் கொஞ்சம் கீழே தள்ளுங்கள். பாகூரிலிருந்து வரும் அம்மாவுக்கு வேண்டியது ஓ.பி. நேரமும் போன் நம்பரும்தான். அதைத் தமிழில், பெரிய எழுத்தில் போடுங்கள். டாக்டர் மாறினால் அன்றைக்கே பெயரை மாற்றுங்கள். நோயாளியின் போட்டோவை அவர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள்.

வாசகர்களே, வெப்சைட்டில் வழி கேளுங்கள், நேரம் கேளுங்கள், செலவு கேளுங்கள். மருந்தை மட்டும் உங்களை நேரில் பார்த்த டாக்டரிடம் கேளுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தை, அது எந்த வைத்தியமானாலும் சரி, அவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.