அமைதியான முகம் சாட்சியாகாது

தூக்குக் கயிற்றுக்குப் பதிலாக விஷ ஊசி போட்டு மரண தண்டனையை நிறைவேற்றலாம் என்ற யோசனை நம் நாட்டுக்குப் புதிதல்ல. நீதிபதி எம்.ஜெகந்நாத ராவ் தலைமையிலான சட்ட ஆணையம் 2003-ல் தந்த 187-வது அறிக்கையிலேயே அதற்கு வழிசெய்யும்படி பரிந்துரைத்தது. வழக்கறிஞர் ரிஷி மல்ஹோத்ரா 2017-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கும் வலி குறைந்த மாற்றுவழியைத்தான் கேட்கிறது. ஊசி போட்டால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்ற நம்பிக்கை இந்த வாதங்களுக்கு வலுவூட்டுகிறது. வலிக்காது என்பது மனித உடலைப் பற்றிய அறிவியல் கூற்று. அப்படியானால் அதைச் சோதித்த முடிவுகள் எங்கே என்று கேட்டாக வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விஷ ஊசியைப் பயன்படுத்திவரும் அமெரிக்காவில் கிடைத்த நச்சியல் சான்றுகள் அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை.

ஓக்லஹோமா மாநிலம் 1977-ல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. டெக்சாஸ் 1982 டிசம்பர் 7 அன்று இம்முறையில் முதன்முதலாகத் தண்டனையை நிறைவேற்றியது. வழக்கத்துக்கு வந்த முறையில் மூன்று மருந்துகள் அடுத்தடுத்துச் செலுத்தப்படும். சோடியம் தயோபென்டல் மயக்கம் தரும். பான்குரோனியம் உடலின் தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும். பொட்டாசியம் குளோரைடு இதயத்தை நிறுத்தும். முதல் மருந்து போதாமல் போனால் கைதிக்கு மூச்சு திணறும், பொட்டாசியம் ஏறும் ரத்தநாளம் நெருப்பாய் எரியும். ஆனால் தசைகள் முடங்கிவிட்டதால் அவரால் அலறவும் முடியாது, விரலை அசைக்கவும் முடியாது. கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர்கள் 'அமைதியாகப் போய்விட்டார்' என்றுதான் சொல்வார்கள். அந்த அமைதி மயக்கத்தால் வந்ததா, முடக்கத்தால் வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மிஞ்சும் வழி ரத்தத்தைச் சோதிப்பதுதான்.

அப்படிச் சோதித்த முடிவுகளை லியோனிடஸ் கோனியாரிஸ் குழுவினர் 2005-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். நான்கு மாநிலங்களில் தண்டனை நிறைவேற்றப்பட்ட 49 பேரின் ரத்த அறிக்கைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். 43 பேரின் ரத்தத்தில் தயோபென்டல் அறுவைச் சிகிச்சைக்குத் தேவையான அளவைவிடக் குறைவாக இருந்தது. 21 பேரிடம், நினைவு தப்பாமல் இருந்திருக்கலாம் என்று எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தது. இதற்கு நிபுணர்களிடமிருந்தே வலுவான மறுப்பு வந்தது. தயோபென்டல் கொழுப்பில் எளிதில் கரைவது. உயிர் போன பிறகும் ரத்தத்திலிருந்து கொழுப்புக்கும் தசைக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே பல மணி நேரம் கழித்து எடுத்த ரத்தம் இறக்கும் தருணத்து அளவைக் காட்டாது. இதயத்தில் எடுத்த ரத்தமும் தொடை ரத்தநாளத்தில் எடுத்த ரத்தமும் வேறுவேறு அளவு காட்டும் என்றார்கள். நியாயமான மறுப்பு இது. அந்த 21 பேரும் விழித்திருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் அதே காரணத்தால், அவர்கள் மயக்கத்தில் இருந்தார்கள் என்றும் அந்த அறிக்கைகளைக் காட்டி யாரும் சொல்ல முடியாது. எந்த ரத்தநாளத்தில், எத்தனை நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரையறுத்திருந்தால் விடை தெளிவாகக் கிடைத்திருக்கும். அந்தக் கவனத்தைச் செலுத்தாதது தண்டனையை நிறைவேற்றிய அரசுகள்தான்.

ரத்தமே பேசாத இடமும் உண்டு. இறந்தபின் ரத்த அணுக்கள் சிதைந்து, அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். அதனால் ஊசியில் ஏறிய பொட்டாசியத்தைத் தனியே பிரித்துக் காண்பது மிகக் கடினம். ஓக்லஹோமாவில் 2015 ஜனவரியில் சார்லஸ் வார்னருக்குக் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் அசிட்டேட் ஏற்றப்பட்டது. உடற்கூறாய்வுக்கு வந்த காலிக் குப்பிகளின் லேபிளை வைத்துத்தான், மாதங்கள் கழித்து அது வெளியே தெரிந்தது. புளோரிடாவில் 2006-ல் ஏஞ்சல் டியாஸின் ரத்தநாளத்தைத் துளைத்துக்கொண்டு ஊசி மறுபக்கம் போய்விட்டது. மருந்து தசைக்குள் இறங்கி, உயிர் போக 34 நிமிடம் ஆனது. இரு கைகளிலும் ரசாயனப் புண்கள் இருந்ததை உடற்கூறாய்வு காட்டியது. மருந்து எங்கிருந்து வருகிறது என்பதும் இந்தச் சந்தேகங்களோடு சேரும். ஹோஸ்பிரா நிறுவனம் 2011-ல் தயோபென்டல் தயாரிப்பைக் கைவிட்டபின் சில மாநிலங்கள் இந்தியாவை நாடின. 2015-ல் நெப்ராஸ்கா இந்திய விற்பனையாளர் ஒருவருக்கு 54,400 டாலர் கொடுத்தும் மருந்து போய்ச் சேரவில்லை. டெக்சாஸும் அரிசோனாவும் தருவித்தவற்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தடுத்து நிறுத்தியது.

கொலையுண்டவர் பட்ட வலியை யார் அளந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் உள்ள துயரம் உண்மையானது. ஆனால் சித்திரவதை செய்ய எந்த நீதிமன்றமும் ஆணையிடுவதில்லை. தீனா வழக்கில் 1983-ல் தூக்கு முறையை ஏற்றுக்கொண்ட உச்ச நீதிமன்றமே, முறை நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசின் மீதுதான் வைத்தது. தூக்கைவிட ஊசி மேலானது அல்லவா என்றால், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாமல் எது மேல் என்று எப்படிச் சொல்வது? பென்டோபார்பிட்டல் என்ற ஒரே மருந்துக்கு மாறினால் சிக்கல் தீரும் என்றார்கள். ஆனால் விஷ ஊசியால் இறந்த இருநூறுக்கும் மேற்பட்டோரின் உடற்கூறாய்வு அறிக்கைகளை என்பிஆர் வானொலி 2020-ல் ஆராய்ந்தபோது, 84 சதவீதத்தினரின் நுரையீரலில் நீர் கோத்திருந்தது தெரிந்தது. பென்டோபார்பிட்டல் செலுத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

நம்மிடம் இப்படிச் சோதித்துப் பார்ப்பதற்கான அடித்தளம் இருக்கிறது. நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 ஜனவரியில், தண்டனை நிறைவேற்றிய பின் பிரேதப் பரிசோதனை கட்டாயம் என்று ஆணையிட்டது. சென்னையில் 1849-லேயே ரசாயனப் பரிசோதகர் துறையைத் தொடங்கிய மரபு தமிழ்நாட்டுக்கு உண்டு. சோழபுரத்திலோ ராஜபாளையத்திலோ ஒருவர் விஷத்தால் இறந்ததாகச் சந்தேகம் எழுந்தால்கூட, உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் பாதுகாத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்த பிறகே காரணத்தை எழுதுகிறோம். அரசே ஒருவருக்கு நஞ்சு செலுத்த முன்வந்தால், அதைவிடக் குறைந்த சான்று எப்படிப் போதும்? மருந்தின் பெயர், தூய்மை, அளவு, ரத்தம் எடுத்த இடம், நேரம் எல்லாம் பதிவாகி, சார்பற்ற நிபுணர்களின் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். என் கருத்தில், அந்தச் சான்று கையில் இல்லாதவரை விஷ ஊசியைக் கருணையான முறை என்று சட்டத்தில் எழுதும் தகுதி எந்த அரசுக்கும் கிடையாது.