கிராம்பு வாசனையும் கொசுவின் மூக்கும்

நிறம் பார்க்க நம் கண்ணுக்கு மூன்றே வகை ஏற்பிகள் போதும். மூக்குக்கு? மனிதனுக்கே சுமார் 400 வகை. எலிக்கு ஆயிரத்துக்கும் மேல். ஆப்பிரிக்க யானைக்கு ஏறத்தாழ 2,000. எதுக்கு இவ்வளவு?

யோசித்தால் காரணம் புரியும். ஒளியைப் பொறுத்தவரை, நிறத்தைத் தீர்மானிப்பது அலைநீளம் என்ற ஒரே அளவுதான். வாசனை மூலக்கூறுகள் அப்படியில்லை. நீளம், வளைவு, வளையம், மின்னூட்டம் என்று பல விதங்களில் அவை மாறுபடும். எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தி வைக்க ஒரே அளவுகோல் கிடையாது. அதனால் விதவிதமான ஏற்பிகள் வேண்டியிருக்கு.

இந்த ஏற்பிகளின் மரபணுக் குடும்பத்தை 1991-இல் எலியில் கண்டுபிடித்தவர்கள் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல். 2004-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பாலூட்டிகளின் மூக்கில் நடப்பது இதுதான். மூக்கின் மேற்பகுதியில் இருக்கும் நரம்பு செல்கள், மெல்லிய மயிரிழைகளைச் சளிப்படலத்துக்குள் நீட்டி வைத்திருக்கும். ஏற்பிப் புரதங்கள் அந்த இழைகளின் சவ்வை ஏழு முறை ஊடுருவி உட்கார்ந்திருக்கும். வாசனை மூலக்கூறு ஒன்று வந்து பொருந்தினால் ஏற்பியின் வடிவம் லேசாக மாறும். உள்ளே காத்திருக்கும் ஜி-புரதம் விடுபட்டு ஒரு நொதியைத் தட்டி எழுப்பும். அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறுகளை நிறையத் தயாரிக்கும். அவை போய் அயனிக் கதவுகளைத் திறக்க, கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும். செல்லில் மின்துடிப்பு கிளம்பி மூளைக்குப் போகும். கொஞ்சம் சுற்றுவழிதான். ஆனா வழியிலேயே சின்ன சிக்னல் பெரிதாகிவிடுது, அதுதான் இதில் லாபம்.

ஒரு வாசனைக்கு ஒரு ஏற்பி என்று நினைக்க வேண்டாம். ஒரு ஏற்பி பல மூலக்கூறுகளுக்குப் பதில் சொல்லும். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தட்டும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து எழுகின்றன என்பதைத்தான் மூளை வாசனையாகப் படிக்கிறது. உயிரும் மெய்யுமாக 30 எழுத்துகளை வைத்துக்கொண்டு நாம் எத்தனை ஆயிரம் சொற்கள் எழுதுகிறோம்! அதே கணக்குதான். மல்லிகையில் இருக்கும் இண்டோல் கொஞ்சமாக இருந்தால் பூ மணம், அளவு கூடினால் துர்நாற்றம். செறிவு ஏறும்போது புதிய ஏற்பிகளும் எழுவதால், உருவாகும் 'சொல்லே' மாறிவிடுகிறது.

பூச்சிகளிலும் இதே ஏற்பாடு இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். 1999-இல் பழ ஈயில் வாசனை ஏற்பி மரபணுக்கள் தெரியவந்தன. அங்கும் புரதம் சவ்வை ஏழு முறை ஊடுருவியது. 2006-இல் வந்தது திருப்பம்: பூச்சியின் ஏற்பி சவ்வில் தலைகீழாக இருக்கு! நம் ஏற்பியில் செல்லுக்கு வெளியே நிற்கும் முனை, அதில் உள்ளே இருக்கு. பிறகு 2008-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், அந்த ஏற்பியே ஒரு அயனிக் கதவு என்று காட்டின. தூதுவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் கதவு திறக்கும். ஆக, நம் ஏற்பிக்கும் பூச்சி ஏற்பிக்கும் பரம்பரைத் தொடர்பே இல்லை. ஒரே சிக்கலுக்கு உயிரினங்கள் தனித்தனியாகக் கண்ட இரண்டு தீர்வுகள் இவை.

அந்தக் கதவு நான்கு துண்டுகள் சேர்ந்தது. வாசனையை அடையாளம் காணும் துண்டு இனத்துக்கு இனம் மாறும். ஓர்கோ என்ற துணைப் புரதம் மட்டும் பெரும்பாலான பூச்சிகளில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். 2024-இல் வெளியான கட்டமைப்புப் படங்களில் நான்கில் மூன்று துண்டுகள் ஓர்கோ, மீதி ஒன்றுதான் வாசனை ஏற்பி.

ஓர்கோ இல்லாத பழைய வகையும் உண்டு. புத்தகங்களை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பூச்சியின் ஏற்பியை, 2021-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வனெசா ரூட்டாவின் குழு படம் பிடித்தது. கிராம்பு மணத்துக்குக் காரணமான யூஜெனாலும் கொசு விரட்டியான டீட்டும் அதில் ஒரே குழிக்குள் போய் அமர்கின்றன! குழியின் சுவர் எந்த மூலக்கூறையும் இறுக்கிப் பிடிப்பதில்லை, எண்ணெய்ப்பசை மாதிரி லேசாக ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஏற்பி இத்தனை விதமான மூலக்கூறுகளை எப்படி ஏற்கிறது என்ற கேள்விக்கு இங்கே நேரடியாகவே விடை தெரியுது.

இப்போது கொசுவுக்கு வருவோம். வாசனை ஏற்பிகள் எல்லாமே ஓர்கோவை நம்பி இருக்கின்றன என்றால், அதை உடைத்துவிட்டால் கொசு நம்மைக் கண்டுபிடிக்காது, இல்லையா? எங்கள் சாஃப்ட்வேர் பாஷையில் அது ஒரு சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். 2013-இல் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவில் இதைச் செய்தே பார்த்தார்கள். மற்ற விலங்குகளைவிட மனிதனைத் தேடிப்போகும் விருப்பம் அந்தக் கொசுக்களுக்குக் குறைந்தது. ஆனால் கரியமில வாயுவும் சேர்ந்து வந்தபோது அவை மனிதனைத் தேடி வரத்தான் செய்தன. கரியமில வாயுவை உணர்வது வேறொரு ஏற்பிக் குடும்பம். வியர்வையில் உள்ள அமிலங்களுக்கு இன்னொன்று. உடல் சூட்டை உணரவும் தனி வழி இருக்கு. போதாததற்கு, ஏடிஸில் ஒரே நரம்பு செல்லில் பல குடும்ப ஏற்பிகள் சேர்ந்தே இருப்பதாக 2022-இல் தெரிந்தது. ஒரு செல்லுக்கு ஒரு ஏற்பி என்ற பாடப்புத்தக விதி இந்தக் கொசுவிடம் எடுபடவில்லை. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியில் செய்தி போய்விடும்.

இன்னொரு கவலையும் இருக்கு. ஓர்கோ தேனீக்கும் உண்டு. பூவைத் தேடிப்போக அதற்கும் அதே கதவுதான். ஓர்கோவையே முடக்கும் மருந்தைத் தோட்டம் முழுக்கத் தெளித்தால், கொசுவோடு சேர்ந்து தேனீயும் வழி தவறும். அதனால் எல்லாப் பூச்சிக்கும் பொதுவான அந்த மூன்று துண்டுகளை விட்டுவிட்டு, கொசுவுக்கே உரிய நான்காவது துண்டைக் குறிவைப்பதுதான் புத்திசாலித்தனம். அந்தத் துண்டு எப்படி இருக்கும் என்ற படம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கு.