ஐயமும் துணிவும்

ஒன்றை ஆராய்ந்து அறிதல் வேறு. அறிந்ததை நிலைநாட்டுதல் வேறு. கட்டுரை வரையும் மாணவர் பலர் முன்னதில் காட்டும் முயற்சியைப் பின்னதில் காட்டுவதில்லை. நூல் பல கற்றுச் சான்று பல திரட்டிய பின்னரும், முடிவு கூறவேண்டிய இடத்தில், “இஃது ஒருவாறு உண்மை எனலாம்”, “அவ்வாறும் இருக்கக்கூடும்”, “இஃது அவரவர் நோக்கைப் பொறுத்தது” என எழுதி ஒதுங்கிவிடுகின்றனர். இதனை அடக்கம் என்றும் நடுவுநிலைமை என்றும் அவர்கள் கருதுகின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

திருவண்ணாமலையைப் பற்றி ஒரு மாணவன் கட்டுரை எழுதுகிறான் என்று கொள்வோம். “இங்குள்ள இராசகோபுரம் ஒருவகையில் உயர்ந்தது எனலாம், மலையைச் சுற்றும் வழி சிலருக்கு நெடியதாகத் தோன்றக்கூடும்” என்று அவன் எழுதினால், படிப்பவர் அறிந்துகொள்வது யாது? அக்கோபுரம் பதினொரு நிலைகளை உடையது. 217 அடி உயரமானது. வலம்வரும் வழி ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. அளந்து அறிந்தவற்றை ‘எனலாம்’ என்னும் சொல்லால் மூடுதல் அடக்கமாகாது, அறிந்ததை மறைத்தலேயாகும்.

அங்ஙனமாயின், ஐயம் கட்டுரையில் இடம்பெறவே கூடாதோ எனின், அன்று. அருணகிரிநாதர் பிறந்த ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை. ஆயினும், விசயநகரத்தை ஆண்ட பிரபுடதேவராயரை அவர் தம் பாடலில் குறிப்பிடுகின்றார். அம்மன்னர் 15 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்டவர். ஆதலின், அருணகிரியார் அந்நூற்றாண்டினர் என்று ஆராய்ச்சியாளர் கொள்வர். இங்கே தெரிந்தது எது, தெரியாதது எது, துணிந்ததற்குக் காரணம் எது என்னும் மூன்றும் விளங்குகின்றன. இதுவே முறையான ஐயம். காரணம் காட்டாது எல்லா வாக்கியத்திலும் தூவப்படும் ஐயமோ சோற்றில் கலந்த மணல் போன்றது.

தமிழ் இலக்கணம் ஐயத்திற்கும் துணிவிற்கும் தனித்தனியே நெறி வகுத்துள்ளது. தொலைவில் ஓர் உருவம் தோன்றுகின்றது. அது மரக்கட்டையோ மனிதனோ என்பது தெரியவில்லை. அந்நிலையில், “கட்டையோ மனிதனோ அங்கே தோன்றும் உரு?” என்று பொதுச்சொல்லால் கூறுதல் மரபு. அணுகிப் பார்த்து மனிதன் என்று தெளிந்த பின்னர், “கட்டையன்று, மனிதன்” என்று கூறுதல் வேண்டும். தெளிந்த பின்னரும் ‘உரு’ என்றே கூறிக்கொண்டிருப்பவன், அணுகிச் சென்றதன் பயனை இழந்தவனாவான். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும், படிப்பவர் பொருள் துணிய இயலாதவாறு மயங்கவைத்தலை நூலின் பத்துக் குற்றங்களுள் ஒன்றாக வைத்தார். இருவர் மாறுபட்டுக் கூறுமிடத்து ஒருவர் கொள்கையைத் துணிதலை நூலாசிரியர்க்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக எண்ணினார்.

“எல்லாம் நோக்கைப் பொறுத்தது” என்பார்க்கு அண்ணாமலையே விடை பகரும். அதனை வலம்வருவோர்க்கு அதன் தோற்றம் இடந்தோறும் மாறும். ஆயினும் மலை ஒன்றே. “இன்ன இடத்திலிருந்து இன்னவாறு தோன்றுகிறது” என்பவன் ஓர் உண்மையை உரைக்கிறான். “பார்ப்பவரைப் பொறுத்தது” என்று மட்டும் கூறி நிற்பவனோ எதனையும் உரைத்தானல்லன். திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த திருமலையில் பழஞ்சமணக் கோயில்கள் உள்ளன. அச்சமயத்தாரின் அநேகாந்தக் கொள்கையும், ஒரு பொருளுக்குப் பல இயல்புகள் உண்டு என்று கூறுவதோடு, எந்த வகையில் எது உண்மை என வரையறுக்கவும் செய்கின்றது. 1905 இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சார்புக் கொள்கையும் இத்தகையதே. காலமும் நீளமும் அளப்பவரின் இயக்கத்தைச் சார்ந்தவை என்று கூறும் அக்கொள்கை, வெற்றிடத்தில் ஒளியின் வேகம் சீராக இயங்குவோர் அனைவர்க்கும் ஒன்றே என்று உறுதியாக நாட்டுகின்றது.

மாணவர் முடிவுரைக்கத் தயங்குவதற்குப் பெருங்காரணம் அச்சமாகும். எதனையும் உறுதியாகக் கூறாதவனை எவரும் மறுக்க இயலாது. ஆனால், மறுக்க இயலாத கூற்றால் எவர்க்கும் பயனும் இல்லை. ஊர்க்குளத்து நீரைச் சோதித்தவர், “இது பருகத்தக்கதோ என்பது பருகுவோரைப் பொறுத்தது” என்று எழுதுவாராயின், ஊரார் அந்நீரை அருந்துவதா, தவிர்ப்பதா? கண்டதைக் கூறவேண்டிய சாட்சி, “கண்டது போலவும் இருந்தது” என்பானாயின், நீதி எவ்வாறு நிலைபெறும்? இன்று பள்ளியில் பழகும் தயக்கம் நாளை ஊர்க்கும் தீங்காய் முடியும்.

ஆதலின், ‘எனலாம்’, ‘ஒருவேளை’, ‘ஒருவகையில்’ என்னும் சொற்கள் வந்துழியெல்லாம் மாணவர் சிறிது நின்று, “இவ்வையம் பொருளில் உள்ளதோ, என் அச்சத்தில் உள்ளதோ?” என்று தம்மையே வினவுதல் வேண்டும். பொருளில் உள்ளதாயின் காரணத்தோடு எழுதுக; அச்சத்தில் உள்ளதாயின் அச்சொல்லை நீக்குக. தாம் துணிந்தது தவறென்று பிறர் சான்றுடன் காட்டுவாராயின், அதனை ஏற்றுத் திருத்திக்கொள்ளுதலே உண்மையான அடக்கமாகும்.