மலை இறங்கினால் மின்சாரம் ஏறும்!

காரின் வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் கிடைக்குமா? மின்சார காரில் கிடைக்கும்!

சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். டைனமோவை டயரில் சாய்த்ததும் விளக்கு எரியும். பெடல் மிதிப்பதும் கனக்கும்.

மின்சார காரிலும் இதுதான் நடக்கிறது. ஓடும்போது மோட்டார் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும், சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் டைனமோவாகி விடுகிறது! மின்சாரம் பாட்டரிக்குத் திரும்புகிறது. காரின் வேகமும் குறைகிறது.

ஊட்டி கணக்கு

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்கி விடுகிறோம்.

ஆட்களோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கினால், வெளிப்படும் சக்தி சுமார் 8 யூனிட். காற்றும், சாலையும், மோட்டார் சூடும் ஒரு பங்கைத் தின்று விடும். மீதி பாட்டரிக்கு வரும்.

அதற்குப் பாட்டரியில் இடம் இருக்க வேண்டுமே!

நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்ற முடியுமா? ஊட்டியில் இரவு முழுவதும் சார்ஜ் ஏற்றி, 100 சதவீதத்தோடு புறப்பட்டால், பல கார்களில் மோட்டாரின் பிடி தளர்ந்து விடும். பிரேக்கையே திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டி வரும். பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். கொண்டை ஊசி வளைவில் அது பெரிய ஆபத்து!

ஆகவே, 80 சதவீதத்தோடு இறங்குங்கள். 40 யூனிட் பாட்டரியில் மீதி 20 சதவீதம் என்பது 8 யூனிட். அந்த இடம் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

* பல கார்களில் மோட்டாரின் பிடியைக் கூட்டவும் குறைக்கவும் வசதி உண்டு. மலை இறங்கும்போது கூட்டி வையுங்கள்.

* இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளாதீர்கள். நியூட்ரலில் மோட்டார் பிடிக்காது. மின்சாரமும் வராது.

* ஊருக்குள் சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே காலை எடுங்கள். கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் சக்தி சூடாகி வீணாகும்.

* சமமான, காலியான சாலையில் காரை அதன் போக்கில் உருள விடுவதே லாபம். மின்சாரமாக மாற்றி மீண்டும் செலவழித்தால் இரண்டு முறையும் கொஞ்சம் நஷ்டம்.

* குறுக்கே யாராவது வந்துவிட்டால் மின்சாரத்தைப் பற்றி யோசிக்காதீர்கள். பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். போன யூனிட்டை வீட்டில் ஏற்றிக் கொள்ளலாம்!