கொக்கிக் காவல்

பலர் கூடி ஒரே நிரலை எழுதுங்கால், யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதைக் குறித்துவைக்கும் கருவி இன்றியமையாதது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் லினக்ஸ் கருநிரலுக்கென உருவாக்கிய 'கிட்' அத்தகையது. மாற்றத்தைப் பதிவு செய்யும்போது தாமே இயங்கும் சிறு நிரல்களுக்கும் அதில் இடமுண்டு. அவற்றை 'ஹூக்', அதாவது கொக்கி, என்பர். 'பிரி-கமிட்' என்னும் கொக்கி சுழியத்தை விடையாகத் தந்தால் பதிவு நிகழும். வேறெண்ணைத் தந்தால் தடைப்படும்.

தமிழுக்கு இக்காவல் பெரிதும் வேண்டப்படுவதாகும். 'கொடி' என்னும் சொல்லின் முதலெழுத்தை யூனிகோடில் இருவகையாக எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் இரு குறியெண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினியின் நேர் ஒப்பீட்டில் அவை வெவ்வேறு. சொற்பட்டியலில் இரண்டும் கலந்துவிட்டால், உள்ள சொல்லும் தேடும் மாணவனுக்கு அகப்படாது. இக்கலப்பைப் பதிவுக்கு முன்பே கொக்கி தடுக்கவல்லது.

கிள்ளானில் அமர்ந்து பிரிக்பீல்ட்ஸிலுள்ள கணினியின் கோப்புகளைத் திருத்துவோருக்கு அக்காவல் சில வேளை ஓய்ந்துவிடுகிறது. சில வேளை குற்றமற்ற பதிவையும் தடுக்கிறது. காரணம் யாது? கோப்பும் விசைப்பலகையும் எங்கிருப்பினும், கிட் கட்டளை எந்தக் கணினியில் நிறைவேறுகிறதோ அங்கேதான் கொக்கி இயங்கும். தொலைக் கணினியின் அடைவை இங்கே இணைத்துத் திருத்தினால் கட்டளை கிள்ளானில் நிறைவேறும். எஸ்.எஸ்.எச். வழியே திருத்தியின் ஒரு பகுதி அங்குச் சென்று இயங்கினால் பிரிக்பீல்ட்ஸில் நிறைவேறும்.

அக்கணினியில் நான்கினை நோக்குதல் வேண்டும். முதலாவது, கொக்கி அங்கே உள்ளதா? களஞ்சியத்தைப் படியெடுக்கையில் கொக்கிகள் உடன்வருவதில்லை. 2016-இல் வெளிவந்த 2.9-ஆம் பதிப்பு முதல், கொக்கிகளைக் களஞ்சியத்தோடு வரும் அடைவொன்றில் வைத்து, 'கோர்.ஹூக்ஸ்பாத்' அமைப்பால் ஒவ்வொரு கணினியிலும் சுட்டலாம். இரண்டாவது, இயக்க அனுமதி உண்டா? லினக்ஸில் அஃதில்லையேல் கிட் கொக்கியை விடுத்துப் பதிவை முடித்துவிடும். மூன்றாவது, கொக்கியின் வரிமுடிவுகள் விண்டோஸ் முறையில் உள்ளனவா? ஆயின் லினக்ஸில் அது தொடங்காமற்போகலாம். நான்காவது, கொக்கி அழைக்கும் கருவி 'பாத்' மாறியில் அடங்குகிறதா? முனையத்தில் கிடைக்கும் கருவி, திருத்தியின் பொத்தானை அழுத்துகையில் கிடைக்காமற்போவதுண்டு. கருவியின் முழு முகவரியை எழுதிவைப்பின் அக்குறை தீரும்.

இவற்றைச் சோதிக்க எளிய வழி, பிழையான சொல்லொன்றை வேண்டுமென்றே இட்டுப் பதிவு செய்து பார்ப்பதே. தடை எழவில்லையேல் காவல் உறங்குகிறது என்பது தெளிவு.

'நோ-வெரிஃபை' என்று சேர்த்து எவரும் பிரி-கமிட் கொக்கியைத் தாண்டிவிடலாம். ஆதலின், எல்லாரும் மாற்றங்களை அனுப்பும் பொதுக் களஞ்சியத்தில் 'பிரி-ரிசீவ்' கொக்கியையும் வைத்தல் நன்று. முன்னது எழுதுவோருக்குத் துணை. பின்னது பொதுச் சொத்துக்குக் காப்பு.