ஆட்டம் யாருக்கு உரியது?

1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ‘மலாயா’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தால் கட்டப்பெற்ற கப்பல் அது. மாலுமிகள் உள்ளூர் அணிகளோடு பல ஆட்டங்கள் ஆடினர். அந்த நட்பின் அடையாளமாக இரண்டு கிண்ணங்கள் அளிக்கப்பெற்றன. ஒன்று ரக்பிக்கு, மற்றொன்று காற்பந்துக்கு. பின்னதே மலாயாக் கிண்ணம். 1967இல் அது மலேசியக் கிண்ணம் ஆயிற்று. போட்டியின் முதல் ஆட்டம் 1921 ஆகஸ்டு 20இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. அதில் சிலாங்கூரிடம் ஐந்துக்கு ஒன்று என்று தோற்ற அணி வேறெதுவுமன்று, நம் பினாங்கே.

கப்பலுக்குப் பணம் கொடுத்தவை நான்கு மாநிலங்கள்தாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் வேறோர் ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆயினும் அம்மூன்றும் முதலாண்டிலேயே கிண்ணத்துக்கு ஆடின. ஆகவே ஆட்டத்தின் எல்லை அரசியல் எல்லையைப் பின்பற்றவில்லை என்பது தெளிவு. அது பின்பற்றியது இரயில் பாதையை எனலாம். நம் ஆட்டக்காரர்கள் பெரி ஏறி அக்கரை சென்று, அங்கிருந்து இரயில் பிடித்துத் தெற்கே போகவேண்டும். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பெற்றதே 1924இல்தான். பின்னர் அணிகள் பெருகியபோது வடபிரிவு, தென்பிரிவு எனப் பகுத்தார்கள். கெடாவும் பேராக்கும் பினாங்குக்கு அண்டை. அவற்றோடு ஆடுவதே எளிது, செலவும் குறைவு.

செலவு ஒருபுறமிருக்க, வரவுக்கும் அண்டை அணியே நல்லது. அக்காலத்தில் வரவென்றால் நுழைவுச்சீட்டுப் பணம் ஒன்றே. அண்டை மாநிலம் வந்தால் அதன் இரசிகர்களும் உடன்வருவர், திடல் நிரம்பும். தொலைவிலிருந்து வரும் அணி எவ்வளவு திறமை பெற்றதாயினும் தன் கூட்டத்தைக் கூட்டிவர இயலாது. பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய நான்கு ஆண்டுகளில் இக்கிண்ணத்தை வென்றது. 1977 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம்வரை போராடிச் சிங்கப்பூரிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றதைப் பெரியவர்கள் இன்றும் வருத்தத்தோடு சொல்வர். அந்த வருத்தம் இருந்ததனாலேயே மறுமுறை சிங்கப்பூர் வரும்போது சீட்டு விற்றது. பகை என்று நாம் விளையாட்டாகச் சொல்வது உண்மையில் ஒரு முதலீடு.

இந்த முதலீடு யாருடையது என்னும் வழக்கு 1994க்குப் பின் எழுந்தது. அவ்வாண்டு சிங்கப்பூர் லீக் பட்டத்தையும் வென்றது; கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் பகாங்கை நான்கு கோல்களால் வீழ்த்தியது. அதன்பின், நுழைவுச்சீட்டுப் பணத்தின் பங்கு குறித்து மலேசியக் காற்பந்துச் சங்கத்தோடு ஏற்பட்ட பிணக்கினால் அது போட்டியிலிருந்தே விலகி, 1996இல் தனக்கென ஒரு லீக்கைத் தொடங்கியது. கூட்டம் எங்கள் திடலுக்கு வந்தது, ஆதலால் பணம் எங்களது என்பது ஒரு கட்சி. போட்டியை நடத்துவோர் நாங்கள், ஆதலால் எங்களுக்கும் பங்குண்டு என்பது மறுகட்சி. இரண்டிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் இருவரும் ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை என்பது நம் கருத்து. எதிரணி இன்றி ஒருவர் தனியே கூட்டம் சேர்க்க முடியாது. சிங்கப்பூர் போனபோது பினாங்கும் சிலாங்கூரும் பகாங்கும் தத்தம் திடல்களில் ஒரு பெருங்கூட்டத்தை இழந்தன. அவை அப்பிணக்கில் வாதியுமல்ல, பிரதிவாதியுமல்ல. அதே காலத்தில் ஆட்ட முடிவுகளை விலைபேசிய ஊழலும் வெளிப்பட்டு, எஞ்சிய கூட்டத்தையும் கலைத்தது.

இதே வழக்கு அமெரிக்காவில் எவ்வாறு நடந்தது என்பதைக் காண்போம். அங்கே மாநில அணிகளின் இடத்தில் பல்கலைக்கழக அணிகள் நிற்கின்றன. நம் நாட்டில் பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஆடும் ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குவார் எவருமில்லை. அங்கோ ஊரே திரளும். அண்மையிலுள்ள பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தமக்குள் ஆடும் அமைப்பை அவர்கள் ‘கான்பரன்ஸ்’ என்பர். அகராதியைப் பார்த்து ‘மாநாடு’ என்று எழுதினால் பொருள் கெடும். ஆட்டக் கூட்டணி என்போம். 1896இல் பிறந்த ‘பிக் டென்’ என்னும் கூட்டணி அந்நாட்டின் நடுமேற்குப் பகுதியினது. அதுவும் நம் வடபிரிவைப்போல் இரயில் காலத்துப் படைப்பே.

தொலைக்காட்சி வந்ததும் கல்லூரிச் சங்கம் அஞ்சியது. வீட்டிலிருந்தே பார்த்தால் திடலுக்கு யார் வருவார்? ஆகவே 1950களின் தொடக்கம் முதல், எத்தனை ஆட்டங்கள் ஒளிபரப்பாகலாம் என்பதைச் சங்கமே கட்டுப்படுத்தியது. இரண்டு பல்கலைக்கழகங்கள் வழக்காடின. 1984இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஏழுபேர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, இக்கட்டுப்பாடு வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆட்டத்தை விற்கும் உரிமை ஆடுவோர் கைக்கு வந்தது. கூட்டணிகள் தாமே விற்கத் தொடங்கின.

இதன்பின் நடந்ததை உற்றுநோக்க வேண்டும். திடலில் இருக்கைகளுக்கு எண்ணிக்கை உண்டு. தொலைக்காட்சிக்கு அது இல்லை. 2007இல் பிக் டென் கூட்டணி தனக்கே ஓர் ஒளிவழியைத் தொடங்கிற்று. ஒரு மாநிலத்தில் கூட்டணியின் உறுப்பினர் இருந்தால், அம்மாநிலத்துக் கம்பிவழிச் சந்தாதாரர்களின் மாதக் கட்டணத்தில் இந்த ஒளிவழிக்கு உயர்ந்த பங்கு கிடைக்கும். அவர்கள் ஆட்டம் பார்க்கிறார்களா என்பது கேள்வியன்று. ஆகவே சிறந்த அணியைவிட, மக்கள் மிகுந்த ஊரின் அணிக்கு மதிப்புக் கூடியது. நியூயார்க்கை அடுத்துள்ள ரட்கர்ஸும் வாஷிங்டனை அடுத்துள்ள மேரிலாந்தும் 2014இல் சேர்க்கப்பட்ட காரணம் இதுவே. 2022இல் பிக் டென் ஏழாண்டுகளுக்கு எழுநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் இரு பல்கலைக்கழகங்கள் 2024இல் அதில் சேர்ந்தன. ‘டென்’ என்றால் பத்து. இன்று உறுப்பினர் பதினெட்டு. பசிபிக் கரைக் கூட்டணியில் பன்னிரண்டு பேரில் பதின்மர் வெளியேற, இருவரே எஞ்சினர். பசிபிக் கரையில் உள்ள ஸ்டான்போர்டு இப்போது ‘அட்லாண்டிக் கரை’ கூட்டணியில் ஆடுகிறது. நிலநூல் ஆசிரியர் இதை மாணவருக்கு எங்ஙனம் விளக்குவாரோ! வாரம் ஒருமுறை ஆடும் அமெரிக்கக் காற்பந்தின் பணத்துக்காகவே இவ்வளவும். ஆனால் வாரத்தில் இருமுறை ஆடும் கைப்பந்து மாணவிகளும் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூஜெர்சிவரை, ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர், பறந்துபோய் ஆடிவிட்டு வகுப்புக்குத் திரும்பவேண்டும்.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. 1984இல் தனியார் நிலையம் வரும்வரை அரசின் ஒளிபரப்பே இருந்தது. வாங்குவோர் ஒருவரே என்றால் விலை ஏறாது. விலை ஏறியது மிகப் பிற்காலத்தில். 2015இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் ‘எம்.பி. அண்டு சில்வா’ என்னும் நிறுவனத்தோடு பதினைந்து ஆண்டுகளுக்கு 126 கோடி வெள்ளி மதிப்புள்ள ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்குச் சராசரி 8 கோடியே 40 இலட்சம். அந்நிறுவனமே 2018 அக்டோபரில் இலண்டன் நீதிமன்ற ஆணையால் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில் டெலிகாம் மலேசியா எட்டாண்டுகளுக்கு 48 கோடி வெள்ளி தருவதாக ஒப்பியது; 2019 தொடக்கத்திலேயே அதுவும் முடிவுற்றது. அமெரிக்கக் கூட்டணிகள் விற்கும் சரக்கை வாங்கப் பல நிலையங்கள் போட்டியிடுகின்றன. இங்கோ லீக் முழுமையும் ஒரே ஒப்பந்தத்தின்மீது நின்றது. ஒரு கால் முறிந்தால் நாற்காலி சாயும். ஒற்றைக்கால் நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பினாங்கின் கதை இதற்குச் சான்று. 2016 பிப்ரவரி 16இல் ஜார்ஜ் டவுன் பட்டண ஸ்டேடியத்தில், பகாங்குக்கு எதிராக முகமது பைஸ் சுப்ரி தொலைவிலிருந்து உதைத்த பந்து காற்றில் வளைந்து திசைமாறி வலைக்குள் புகுந்தது. படக்கருவி ஒன்று அங்கிருந்ததனால் உலகமே அதைக் கண்டது. ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது 2017 சனவரியில் அவருக்குக் கிடைத்தது. அவ்வாண்டே பினாங்கு சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியது. உலகம் பார்த்தது என்பதற்கும் பார்த்ததற்கான விலை ஊருக்கு வந்தது என்பதற்கும் இடைவெளி பெரிது.

பினாங்கு 2020இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மீண்டது, 2021இல் மூன்றாமிடம், 2022இல் கடைசி இடம். வழக்கப்படி கீழிறங்கவேண்டியதுதான். ஆனால் 2023இல் இரண்டாம் நிலை லீக்கே எடுக்கப்பட்டு, ஒரே பெரிய லீக் அமைக்கப்பட்டது. பதினெட்டு அணிகள் என்று திட்டமிட்டனர். சில அணிகளுக்கு உரிமம் கிடைக்காமற்போகப் பதினான்கே ஆடின. அமெரிக்காவில் பணம் பெருகி அணிகள் இடம்மாறின. இங்கே பணம் வறண்டு அணிகள் மறைந்தன. இரண்டிடத்தும் ஊர்க்காரரை ஒருவரும் கேட்கவில்லை.

விலகியவர் திரும்பிவருவதும் உண்டு. சிங்கப்பூரின் ‘லயன்ஸ் 12’ அணி 2012இல் வந்து, 2013இல் சூப்பர் லீக்கை வென்று, 2015இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போயிற்று. சிங்கப்பூர் லீக்கில் பல பருவங்கள் ஆடிய புரூணையின் டி.பி.எம்.எம். அணி 2025இல் தொடங்கிய பருவத்தில் மலேசிய லீக்குக்குத் திரும்பியுள்ளது. இங்கிலாந்துப் பிரிமியர் லீக்கில் உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியைச் சமமாகவும், கால்பங்கைத் தரவரிசைப்படியும், கால்பங்கை நேரடியாகக் காட்டப்பட்ட ஆட்டங்களின் எண்ணிக்கைப்படியும் பிரிக்கிறார்கள். கடைசி இடத்து அணிக்கும் அங்கே பங்குண்டு. முதலிடத்து அணி ஆடுவதற்கு அதுவும் வேண்டுமல்லவா?